மிக்ஸ்த் முதல் கேம்ரி வரை: ஒரு வரவு செலவுக் கணக்கு

'மிக்ஸ்த்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் 'கலந்தது' என்று அர்த்தம். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடத்தை 'எக்கோல் மிக்ஸ்த்' என்பார்கள். அந்தச் சொல் ஒரு மோட்டார் காருக்கும் பெயராக இருந்தது என்பது எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. 1901-ல் வியன்னாவில் செய்த கார் அது. பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் ஒரே வண்டியில் இருந்ததால் அந்தப் பெயர். இன்று ஹைபிரிட் என்கிறோமே, அதேதான். தமிழில் கலப்பினம் என்று எழுதினால் நெல் விதை ஞாபகம்தான் வருகிறது. அதனால் ஹைபிரிட் என்றே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தை நான் தோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம் என் அக்கா மகன். வாணியம்பாடியில் தோல் பொருள் வியாபாரம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சென்னைக்குப் போய் வருகிறவன். பழைய டீசல் காரை மாற்ற வேண்டும், டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் வாங்கலாமா என்று கேட்டான். "மாமா, நீங்கதான் எல்லாத்துக்கும் ரெண்டு பக்கம் கோடு போட்டு எழுதுவீங்களே, இதுக்கும் எழுதிக் குடுங்க" என்றான். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கோப்பில் குறிப்பு எழுதியே காலம் தள்ளியவனுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் விடுவேனா? பள்ளியில் கணக்குப் பதிவு சொல்லித்தந்தபோது பேரேட்டின் இடப் பக்கம் 'துவா', வலப் பக்கம் 'அவுவார்' என்று எழுதவைத்தார்கள். இந்தப் பக்கம் கொடுக்க வேண்டியது, அந்தப் பக்கம் வர வேண்டியது. அதே மாதிரி கோடு போட்டு உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான், இந்த வண்டியின் நன்மை தீமையை அதன் சரித்திரத்தைப் பார்க்காமல் எழுத முடியாது என்று தெரிந்தது.

முதலில் வியன்னா. அங்கே லோனர் என்று ஒரு கோச்சு வண்டிக் கம்பெனி. அரண்மனைக்கே வண்டி செய்து கொடுத்தவர்கள். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. பின்னாளில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை வடிவமைத்த அதே போர்ஷே. சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மின் மோட்டாரை வைத்து அவர் செய்த கார் 1900-ம் வருஷத்துப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அழகான வண்டி. ஆனால் ஈய பேட்டரி மட்டும் நானூறு கிலோவுக்கு மேல். மின்சாரம் தீர்ந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். அதனால் அவர் பேட்டரியைக் குறைத்து, பாரிஸ் பக்கத்து தெ தியோன்-பூத்தோன் கம்பெனியின் சின்ன பெட்ரோல் என்ஜின்கள் இரண்டை ஏற்றினார். அந்த என்ஜின்கள் சக்கரத்தைச் சுற்றவில்லை, டைனமோவைச் சுற்றின. டைனமோ மின்சாரம் கொடுத்தது. அந்த வண்டிக்கு 'செம்பெர் விவுஸ்' என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள். எப்போதும் உயிரோடிருப்பது என்று பொருள். அதற்கடுத்துத்தான் 'மிக்ஸ்த்'.

இது ஏதோ அதிசயம் என்று நினைக்க வேண்டாம். நம் ஜோலார்பேட்டை ஜங்ஷனில் டீசல் என்ஜினைப் பார்த்தவர்கள் எல்லோரும் இந்தத் தத்துவத்தைப் பார்த்திருக்கிறார்கள். டீசல் ரயில் என்ஜினில் டீசல் நேரடியாகச் சக்கரத்தை உருட்டுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். பேட்டரியில் சேமித்து ஓட்டுவது ஒன்றுதான் அதில் இல்லை.

அடுத்த கார்தான் என் மருமகன் கேட்ட கேள்விக்கு நேரான பதில். அமெரிக்காவில் சிகாகோவில் வுட்ஸ் என்ற கம்பெனி 1916-ல் 'டூயல் பவர்' என்று ஒரு வண்டி கொண்டுவந்தது. மெதுவாகப் போகும்போது மின்சாரம், வேகம் கூடினால் பெட்ரோல். பிரேக் பிடிக்கும்போது பேட்டரி ஏறும். மணிக்கு 35 மைல்வரை போகும். பணக்காரர்களுக்கான வண்டி. விலை 2,650 டாலர். அதே காலத்தில் ஃபோர்டின் மாடல் டி நானூறு டாலருக்குள் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் டூயல் பவர் போய்விட்டது. வண்டி கெட்ட வண்டி என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றின் விலைக்கு ஆறு ஏழு வாங்கலாம் என்றால் ஜனங்கள் எதை வாங்குவார்கள்? இதற்குள் காடிலாக் காரில் 1912-லேயே பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும் மின் ஸ்டார்ட்டரும் வந்துவிட்டது. கைப்பிடி போட்டுச் சுற்றுகிற கஷ்டம் போனதும், மின்சாரக் கார் வேண்டும் என்று கேட்டவர்களும் குறைந்துபோனார்கள்.

பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் தூக்கம். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது உலகமே விழித்தது. இங்கே வாஜ்பாய் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். அங்கே அமெரிக்காவில் விக்டர் வூக் என்ற பொறியாளர் ஒரு பியூக் ஸ்கைலார்க் காரை ஹைபிரிட்டாக மாற்றினார். பெரிய எழுத்தாளர் ஹெர்மன் வூக்கின் தம்பி இவர். அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் துறை அந்தக் காரைச் சோதித்தது. புகை வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனாலும் திட்டத்தை மூடிவிட்டார்கள். கோப்பு எந்த நாட்டிலும் கோப்புதான்.

கடைசியில் காரியத்தைச் சாதித்தது ஜப்பான். 1997 டிசம்பரில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தது. இதுவும் லத்தீன்தான். 'முன்னாலேயே' என்று பொருள். அதன் தலைமைப் பொறியாளர் தகேஷி உச்சியமாடா. போர்ஷேயின் வண்டியில் என்ஜின் டைனமோவை மட்டும் சுற்றியது. வுட்ஸின் வண்டியில் இது பாதி நேரம், அது பாதி நேரம். பிரியஸில் என்ஜினின் சக்தியை நொடிக்கு நொடி இரண்டாகப் பிரிக்கிற ஒரு பல்சக்கரக் கூட்டம் இருக்கிறது. நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். என்ஜின் கோள்களோடு, ஒரு மோட்டார் சூரியனோடு, இன்னொரு மோட்டார் வளையத்தோடு இணைந்திருக்கும். கியர் மாற்றுகிற வேலையே இல்லை. நாங்கள் இருக்கிற ஆலங்காயத்திலிருந்து மலை ஏறினால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 234 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்கிறார்கள். காருக்குள்ளேயே ஒரு சூரியனும் கோள்களும் சுற்றுவதை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்தியக் கதைக்கு வருவோம். இது இயந்திரத்தின் கதை அல்ல, வரியின் கதை. என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு இதுதான் ருசியான பகுதி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2008 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் ஹைபிரிட் கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைத்தார். அந்த வருஷம் ஜூன் மாதம் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது. நம் நாட்டில் விற்பனைக்கு வந்த முதல் ஹைபிரிட் கார். ஜப்பானிலிருந்து முழு வண்டியாக இறக்குமதி. அதனால் சுங்க வரியெல்லாம் சேர்ந்து விலை இருபத்தொன்றரை லட்சம். யாரும் வாங்கவில்லை. சில மாதங்களில் விலையில் எட்டு லட்சத்தை வெட்டினார்கள். உடனே கையிருப்பு தீர்ந்தது. வண்டி அதேதான், விலைதான் வேறு. 1916-ல் சிகாகோவில் நடந்ததையே இங்கே தலைகீழாக நடத்திக் காட்டினார்கள். 2010-ல் பிரியஸ் வந்தது. அதுவும் இறக்குமதி, 26 லட்சத்துக்கு மேல். ரோட்டில் நான் அதிகம் பார்த்ததில்லை.

2013 ஆகஸ்டில் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட்டைப் பெங்களூர் பக்கம் பிடதியில் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். விலை 29.75 லட்சம். சாதாரண பெட்ரோல் கேம்ரியும் கூடவே விற்றது. 2015 ஏப்ரலில் மத்திய அரசு 'ஃபேம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. மின்சார வண்டிக்கும் ஹைபிரிட்டுக்கும் மானியம். கேம்ரி ஹைபிரிட்டுக்கு எழுபதாயிரம் கிடைத்தது. 2016 ஜனவரியில் தில்லியில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் முறை வந்தபோது ஹைபிரிட்டுக்கு விலக்கும் கொடுத்தார்கள். இதுதான் இந்த வண்டிக்கு நல்ல காலம். இதைப் பார்த்துத்தான் 2016 அக்டோபரில் ஹோண்டா அக்கார்ட் ஹைபிரிட்டை 37 லட்சத்துக்கு இறக்கியது. 2017 மார்ச்சில் லெக்சஸ் கம்பெனியும் ஹைபிரிட் கார்களோடு இந்தியாவுக்கு வந்து கடை திறந்தது.

நாலே மாதம். 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. மின்சாரக் காருக்கு 12 சதவீதம், பிற்பாடு 2019-ல் அதையும் 5 ஆக்கினார்கள். ஹைபிரிட்டுக்கு 28 சதவீதம், மேலே செஸ் 15, ஆகமொத்தம் 43. பெரிய டீசல் கார்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள். முதல் நாள்வரை மானியம் கொடுத்து வளர்த்த பிள்ளையை மறுநாள் காலையில் வீட்டைவிட்டு வெளியே தள்ளியது போல. கேம்ரி ஹைபிரிட்டின் விலை ஒரே இரவில் லட்சக்கணக்கில் ஏறியது. அக்கார்ட் கொஞ்ச காலத்தில் காணாமல் போனது.

மின்சாரக் காருக்கு மட்டும் சலுகை கொடுப்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹைபிரிட் எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும் அதன் வயிற்றுக்குப் போவது பெட்ரோல்தான், அதுவும் இறக்குமதி. ஆனால் மின்சாரம் மட்டும் ஆகாயத்திலிருந்தா வருகிறது? புதுச்சேரிக்காரனான எனக்கு நெய்வேலி பக்கத்து ஊர். பழுப்பு நிலக்கரி எரிவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஐந்துக்கும் நாற்பத்து மூன்றுக்கும் இடையே எங்காவது ஒரு இடம் இந்த வண்டிக்குக் கிடைத்திருக்க வேண்டும். மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே ஹைபிரிட்டுக்கு வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார். டொயோட்டா, மாருதி, ஹோண்டா ஒரு பக்கம். டாடா, மகிந்திரா எதிர்ப் பக்கம். கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல் செஸ்ஸை எடுத்துவிட்டு 40 சதவீதம் ஆக்கினார்கள். மூன்று சதவீதம் குறைந்தது. பெரிய பெட்ரோல் கார், டீசல் கார், ஹைபிரிட் எல்லாவற்றுக்கும் அதே நாற்பதுதான்.

மாநில வரி தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். மின்சாரக் காருக்கு முழு விலக்கு.

இப்போது துவா, அவுவார். புது கேம்ரி 2024 டிசம்பரில் வந்தபோது விலை 48 லட்சம். அதில் 43 சதவீத வரியைக் கழித்தால் வண்டியின் அசல் விலை சுமார் 33.57 லட்சம். மத்திய வரி 14.43. தமிழ்நாட்டு ஆயுள் வரி, 48-ல் இருபது சதவீதம், 9.6. ஆகமொத்தம் 57.6 லட்சம். இன்ஷூரன்ஸை இதில் சேர்க்கவில்லை. முப்பத்து மூன்றரை லட்சம் வண்டிக்கு இருபத்து நாலு லட்சம் வரி. இதே வண்டி அசல் விலை மாறாமல் மின்சாரக் காராக இருந்திருந்தால் 5 சதவீதம் சேர்த்து 35.25 லட்சத்தில் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். வித்தியாசம் 22 லட்சத்துக்கு மேல். செப்டம்பரில் குறைத்த மூன்று சதவீதத்தைக் கணக்கில் எடுத்தாலும் மொத்தம் 56.4-க்குத்தான் இறங்குகிறது. இந்தத் தாளை நான் நீட்டியபோது என் மருமகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பெட்ரோல் மிச்சமாகுமே என்றான். அதற்கும் கணக்கு வைத்திருந்தேன். கேம்ரியில் ஹைபிரிட் இல்லாத வண்டி 2019-க்குப் பிறகு இங்கே விற்பதில்லை, ஒப்பிட முடியாது. அதனால் ஹோண்டா சிட்டியை எடுத்துக்கொண்டேன். அதில் இரண்டும் உண்டு. 2022-ல் ஹைபிரிட் வந்தபோது இரண்டுக்கும் விலை வித்தியாசம் நாலு லட்சத்துக்கு மேல். நாலு என்றே வைத்துக்கொள்வோம். ஊருக்குள் ஓட்டினால் சாதாரண வண்டி லிட்டருக்கு 14, ஹைபிரிட் 20 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தேன். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய். ஆயிரம் கிலோமீட்டருக்கு மிச்சம் 2,140 ரூபாய். நாலு லட்சத்தை மீட்க 1,87,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நான் மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன். எனக்கு 52 வருஷம் ஆகும். அப்போது என் வயது 126.

அவன் கதை வேறு. மாதம் நாலாயிரம் கிலோமீட்டர். அப்படியென்றால் நாலு வருஷத்தில் மீட்டுவிடலாமே என்று அவன் கணக்குப் போட்டான். ஆனால் அவன் ஓட்டுவது வாணியம்பாடி - சென்னை நெடுஞ்சாலை. ஹைபிரிட்டின் லாபமெல்லாம் நின்று நின்று போகிற ஊர்த் தெருவில்தான். பிரேக்கில் வீணாகிற சக்தியைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் தொழில். நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலையே குறைவு. அங்கே 17-க்கு 21 என்று வைத்தால் மீட்பதற்கு 3,57,000 கிலோமீட்டர். அவன் வேகத்தில் ஏறக்குறைய ஏழரை வருஷம். "சனி புடிச்ச கணக்கா இருக்கே மாமா" என்றான்.

இங்கே எங்கள் மலைப்பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் கேம்ரியை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் வந்தான். காவலூர்வரை ஏறி இறங்கினோம். ஏறும்போது என்ஜின் சத்தம் கேட்டது. இறங்கும்போது மோட்டார் டைனமோவாக மாறி பேட்டரியை ஏற்றிக்கொண்டே வந்தது. வண்டிக்குள் அப்படி ஒரு அமைதி. ஒரு வளைவில் வெள்ளாட்டு மந்தை ஒன்று நடுரோட்டில் நின்றது. நாங்கள் பக்கத்தில் போகும்வரை ஒரு ஆடும் திரும்பிப் பார்க்கவில்லை. மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் பதறி ஓடிவந்தார்.

பேட்டரி மூன்று நாலு வளைவு தாண்டியதுமே நிரம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து ஏன் என்று கணக்குப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கினால் கிடைக்கிற சக்தி சுமார் ஒன்றரை யூனிட் மின்சாரம். இந்த மாதிரிக் கார்களின் பேட்டரி கொள்வதோ ஒரு யூனிட்டைச் சுற்றி. அதிலும் அடிவரை காலியாக்காமல், கழுத்துவரை நிரப்பாமல் நடுவில்தான் உபயோகிப்பார்கள், ஆயுளுக்காக. ஆகவே மலை கொடுக்கிற தானத்தில் பாதிக்கு மேல் வாங்கிக்கொள்ள அதனிடம் பாத்திரம் இல்லை. மிச்சத்தை என்ஜினைச் சும்மா சுற்றவிட்டுத்தான் கழிக்க வேண்டும். ரயிலுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. புது மின்சார ரயில் என்ஜின்கள் இறக்கத்தில் கிடைப்பதை மேலே கம்பிக்கே திருப்பிக் கொடுத்துவிடும், வேறொரு ரயில் எடுத்துக்கொள்ளும்.

அவுவார் பக்கத்தில் நான் மனசார எழுதியவையும் உண்டு. இந்த வண்டிக்குச் செருக வேண்டிய ஒயர் கிடையாது. மலைமேல் கரண்ட் போனாலும் கவலை இல்லை, சார்ஜர் எங்கே என்று தேட வேண்டியதில்லை. 2012-ல் தமிழ்நாடு எத்தனை மணி நேரம் இருட்டில் இருந்தது என்று நமக்கு மறக்குமா? பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம். கியர், கிளட்ச் தொல்லை இல்லை. மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்வதால் பிரேக் கட்டை சீக்கிரம் தேயாது. பின் சீட்டில் உட்கார்ந்தால் நம் வீட்டுச் சாய்வு நாற்காலி தோற்றது.

துவா பக்கம். தாழ்ந்த வண்டி, எங்கள் ஊர் வேகத்தடைகளில் அடி தட்டும் என்று பயந்து பயந்து ஓட்ட வேண்டும். ஏறுவது சுலபம். மூட்டு வலிக்காரன் இறங்குவதற்கு ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஒயர்கள். உயர் அழுத்த மின்சாரம், தொடாதே என்று அர்த்தம். அம்பாசடரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டிய எங்கள் ஊர் மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இன்னொரு வேடிக்கை. பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும், சாதாரணக் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்துவிட்டால் வண்டி விழித்துக்கொள்ளாது. ஜனங்களும் இப்போது உயரமான வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். அதே பிடதியில் செய்கிற இன்னோவா ஹைகிராஸில் இதே மாதிரி ஹைபிரிட் உண்டு. விலையும் முப்பது லட்சத்தை ஒட்டித்தான். குடும்பமே ஏறலாம்.

இதற்கிடையில் யாரோ அவனுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். புதுச்சேரியில் ஆயுள் வரி ரொம்பக் குறைவு, அங்கே பதிவு செய்துகொள், முகவரி மட்டும் இருந்தால் போதும் என்று. எங்கள் குடும்பத்துப் பழைய வீடு அங்கே இன்னும் இருக்கிறது. "மாமா, உங்க வீட்டு அட்ரஸ் குடுங்க, லட்சக்கணக்கில மிச்சம்" என்றான். சொகுசுக் கார்கள் அங்கே வந்து பதிவாகி, வெளி மாநிலத்திலேயே ஓடுவது பழைய கதை. 2017 வாக்கில் கேரளத்தில் இதற்காக வழக்குகளே நடந்தன. மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்கியாக வேண்டும், வரியும் கட்டியாக வேண்டும். வாணியம்பாடியில் நிற்கிற வண்டிக்கு என் தகப்பனார் வீட்டு முகவரியா? முடியாது என்றேன். அவனுக்குக் கோபம். "எல்லாரும் செய்யறதுதானே மாமா" என்றான். சென்ட்ரல் வரி நாற்பத்து மூன்று சதவீதம் அநியாயம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தானே என்றும் கேட்டான். ஆமாம், எழுதினேன். வரி அநியாயம் என்று எழுதுவது வேறு, பொய் முகவரியில் கையெழுத்துப் போடுவது வேறு. அக்காவும் என் பக்கம்தான் பேசினாள். பத்து நாள் அவன் போன் செய்யவில்லை.

ஆனால் அந்தப் பத்து நாளில்தான் எனக்கு வேறொன்று தோன்றியது. இந்த வண்டியின் நோய் இயந்திரத்தில் இல்லை, வரியில்தானே இருக்கிறது? அந்த வரியை முதலில் வாங்கியவர் கட்டிவிட்டார். ஆயுள் வரி ஒரே மாநிலத்துக்குள் கை மாறினால் மறுபடி கிடையாது. பெரிய செடான் கார்களை வாங்க ஆள் குறைவு என்பதால் இரண்டாம் கை விலை மளமளவென்று இறங்குகிறது. அது விற்கிறவருக்குத் துவா, வாங்குகிறவருக்கு அவுவார். தமிழ்நாட்டுப் பதிவில், பேட்டரி உத்தரவாதத்தில் நாலு வருஷமாவது மிச்சம் இருக்கிற வண்டியாகப் பார். சர்வீஸ் புத்தகம் முழுசாக இருக்க வேண்டும், பேட்டரியைக் கம்பெனியிலேயே சோதித்துத் தாள் வாங்க வேண்டும், உத்தரவாதம் உன் பெயருக்குத் தொடரும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தனுப்பினேன்.

"பழைய வண்டியா?" என்று முதலில் முகம் சுளித்தான். தோல் வியாபாரத்தில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கவலை. பிறகு அவனாகவே மூன்று வண்டி பார்த்தான். ஒன்று பெங்களூர்ப் பதிவு, விலை குறைவு, ஆனால் இங்கே கொண்டுவந்தால் வரி கட்ட வேண்டும் என்று விட்டான். இன்னொன்றில் சர்வீஸ் புத்தகம் பாதிக்கு மேல் காலி. மூன்றாவது 2021-ம் வருஷத்து வண்டி, சென்னையில் ஒரு டாக்டர் ஓட்டியது. புது வண்டிக்கு மொத்தமாக ஆகிற பணத்தில் பாதிகூட ஆகவில்லை.

போன மாதம் வண்டி ஆலங்காயம் வந்தது. டி.என். 07 என்ற சென்னைப் பலகையோடு. அக்கா முன் சீட்டில். நான் பின்னால். சென்னைக்குப் போய் வந்ததில் லிட்டருக்கு இருபது கொடுத்ததாம், என் தாளில் பதினேழுக்கு இருபத்தொன்று என்று எழுதியதை அவன் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறான். ஒன்று குறைகிறதே என்று கேட்டான். டயரில் காற்றைப் பார் என்றேன்.